கேட்டடிப் பள்ளமும் நாலாவது கோடும்

இளம் பொறியாளர்களான உங்களில் பலர் தடப்பள்ளத்தைக் கணினித் திரையில்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது என் சேலையில். மழை ஓய்ந்த ஒரு காலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். லாரிச் சக்கரங்கள் தார்ச்சாலையில் நீளமாக அழுத்தி வைத்திருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அடுத்து வந்த லாரி அதை முழுவதுமாக என்மேல் வாரி இறைத்துவிட்டுப் போனது. அன்று எனக்கு நேர்முகத் தேர்வு, தார்க்கலவையைச் சோதிக்கும் ஆய்வகத்தில். அங்கிருந்த பெரிய அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாதிரி எடுத்துக்கிட்டே வந்துட்டியேம்மா" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

ஓய்வுபெற்றவர்கள் அறிவுரை சொல்வது எளிது, கேட்பவர்களுக்குத்தான் சிரமம். எனவே ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில் நடந்தது. தடப்பள்ளச் சோதனையை எப்படிச் செய்வது என்று சொல்லப் போவதில்லை, அது கையேட்டில் இருக்கிறது. சோதனை முடிந்து, எண்கள் வந்து, நான்கு பேர் அந்த எண்களைச் சுற்றி உட்காரும்போது என்ன ஆகும் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து கரிசல் காட்டுக்குள் போகும் சாலை ஒன்றைப் புதிதாக அகலப்படுத்திப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் நிறுவனத்தில் ஆய்வகப் பொறுப்பு என்னுடையது. ஒப்பந்தக்காரர் உள்ளூர்க்காரர். இரண்டு தலைமுறையாகத் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, நடத்தும் குடும்பம். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். எங்கள் டீம் லீடர் சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர். எந்தப் பிரச்சினையையும் தன் மேசையிலிருந்து வேறொரு மேசைக்கு அலுங்காமல் நகர்த்திவைக்கும் கலை கைவந்தவர்.

முதல் பகுதியைத் தை மாதம் திறந்தார்கள். பந்தல், மேளம், மாலை எல்லாம் உண்டு. சாலை புது எருமைக்கன்றுபோல் மினுமினுத்தது. சித்திரை முடிவதற்குள் ரயில்வே கேட்டை ஒட்டிய இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. கேட் பூட்டும்போதெல்லாம் பாரம் ஏற்றிய லாரிகள் வெயிலில் வரிசையாக நிற்கும் இடம் அது. சக்கரம் நிற்கும் தடத்தில் இரண்டு வாய்க்கால்கள், இரு ஓரத்திலும் வரப்புபோல் மேடு. ஒருநாள் காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஷேர் ஆட்டோவின் முன்சக்கரம் அந்த வாய்க்காலில் இறங்கியது. டிரைவர் வெளியே திருப்பப் பார்த்ததில் வண்டி கவிழ்ந்தது. மாரியம்மாள் என்ற பெண்ணுக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

அதற்கப்புறம்தான் கூட்டம் போட்டார்கள்.

கூட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே குற்றவாளி பிடிபட்டுவிட்டார். கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. யார் எந்தப் பழியைப் போட்டாலும் வாயைத் திறக்காது. பாலத்தில் விரிசலா, கரிசல். சுவர் சாய்ந்ததா, கரிசல். என் அனுபவத்தில் இந்த வட்டாரத்தில் எந்தப் பொறியாளரும் தவறு செய்ததே இல்லை. செய்ததெல்லாம் மண்தான்.

"நான் கலவையில ஒரு குறையும் வைக்கல மேடம்" என்றார் அண்ணாச்சி. "வேணும்னா சாமி மேல சத்தியம் செய்யுதேன்."

"சத்தியமெல்லாம் எதுக்கு சார்?" என்றார் டீம் லீடர். "ரட்டிங் டெஸ்ட் டேட்டா இருக்கு. மேடம் அதை அனலைஸ் பண்ணி ஒரு பக்கம் குடுத்துருவாங்க. கலவை நல்லா இருக்கு, மண்ணுதான் காரணம். அவ்வளவுதான் விஷயம்."

முடிவு என் கைக்கு வந்துவிட்டது. ஆய்வு மட்டும்தான் பாக்கி.

அடுத்ததாக என்ன செய்வது என்பதையும் அங்கேயே பேசி முடித்தார்கள். மீதிச் சாலைக்கு இரு பக்கமும் அகலமாகத் தோண்டிக் கரிசலை அள்ளிவிட்டுச் செம்மண் சரளை நிரப்ப வேண்டும். அதற்குச் சாலையோரக் காடுகளில் ஒரு பட்டை நிலம் எடுக்க வேண்டும். கம்பும் உளுந்தும் விதைக்கிற மானாவாரி நிலம். அதன் சொந்தக்காரர்கள் யாரும் கூட்டத்தில் இல்லை.

விஷயத்துக்குப் பலம் சேர்க்க ஒரு பேராசிரியரை அழைத்திருந்தார்கள். கணிதத்திலும் சாலைப் பொறியியலிலும் பெரிய படிப்பு. எங்கள் சோதனை எண்களை வாங்கிக்கொண்டு போய், ஒருவாரம் கழித்து அடுத்த கூட்டத்தில் திரையில் காட்டினார்.

ரட்டிங் டெஸ்ட் என்ற அந்தத் தடப்பள்ளச் சோதனையைப் பற்றி இரண்டு வரி. கெட்டிப்படுத்திய தார்க்கலவைப் பலகையைச் சூடான பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் ஒரு சிறு சக்கரத்தை முன்னும் பின்னும் ஓட்டுவோம். பள்ளம் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு முள் அளந்துகொண்டே இருக்கும். முதலில் சற்று வேகமாக இறங்கும். கலவை இறுகி உட்காருகிறது என்று அர்த்தம், அதில் பயமில்லை. பிறகு மெதுவாக, ஒரே சீராக இறங்கும். கலவை நோஞ்சானாக இருந்தால் ஓர் இடத்தில் கோடு சட்டென்று மடங்கிக் கீழே பாயும். கற்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டன, கலவை ஒழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த மடக்குதான் எல்லாம். கடைசியில் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் பார்க்கிறவர், கதையின் கடைசி வரியைப் படித்துவிட்டு விமர்சனம் எழுதுகிறவர்.

எங்களிடம் நான்கு மாதிரிகளின் எண்கள் இருந்தன. பேராசிரியரின் திரையில் மூன்று கோடுகளே ஓடின. அவற்றையும் அப்படியே விடாமல் ஆறாம்படிச் சமன்பாடு ஒன்றைப் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தார். எண்களின் இயல்பான நடுக்கமெல்லாம் போய், முகத்துக்குப் பவுடர் பூசியதுபோல் இருந்தது. அழகான கோடு. ஒரே ஒரு சங்கடம், கடைசிப் பகுதியில் அது மெல்ல மேல்நோக்கி ஏறியது.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சார், கோடு கீழ போனா பள்ளம் கூடுதுன்னு சொன்னிய. இங்கன மேல ஏறுதே, அப்ப பள்ளம் கொறையுதா?"

"மாடல்படி அப்படித்தான் வருது" என்றார் பேராசிரியர்.

"அப்ப லாரி ஓட ஓட ரோடு தானாச் சரியாயிருமா?"

"கொள்கையளவில்..." என்று அவர் இழுத்தார்.

"அப்படின்னா கேட்ட ரெண்டு நாளைக்குச் சேத்துப் பூட்டிருவமா? லாரி நின்னு நின்னே சரி பண்ணிரட்டும்."

அவர் கேலி செய்தாரா, உண்மையிலேயே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீம் லீடர் மட்டும் அதையும் குறித்துக்கொண்டார்.

நான் கேட்டேன். "சார், நாலாவது கோடு எங்கே?"

"அது அவுட்லையர். எடுத்துட்டேன்."

"ஏன்?"

"மத்த மூணோட ஒத்துப்போகல. பாதியிலேயே மடங்கிக் கீழ போயிருச்சு. மெஷின் கோளாறா இருக்கும்."

எனக்கு முதலில் வேலை கொடுத்த அந்தப் பெரிய அதிகாரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த எண்ணைக் கொண்டுபோய் நீட்டினாலும், அது சரியா தப்பா என்று கேட்கமாட்டார். "இது யார் பெத்த பிள்ளை?" என்பார். எங்கே எடுத்த மாதிரி, யார் செய்தது என்பதைச் சொன்ன பிறகுதான் எண்ணைப் பார்ப்பார். மற்றபடி அவர் மகா சோம்பேறி, கோபக்காரர். அந்த ஒரு கேள்விக்காக அவரை மன்னித்துவிடலாம்.

நாலாவது பிள்ளையைப் பெற்றது யார் என்று எனக்குத் தெரியும். நானேதான் போய் எடுத்து வந்திருந்தேன்.

"மத்த மூணும் எங்க ஆய்வகத்துல செஞ்சது சார்" என்றேன். "கல்லைக் கழுவி, காயவச்சு, சலிச்சு, தாரை எடைபோட்டு, சொன்ன அளவுல கலக்கினது. நாலாவது, கேட்டடியில ரோடு போடுறப்ப லாரியில இருந்து அள்ளிட்டு வந்தது."

டீம் லீடர் மெதுவாகக் கேட்டார். "அப்போ, மத்த மூணும் அவுட்லையரா?"

வாழ்க்கையில் அவர் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அதுதான். ஆனால் அவர் அதைப் பயத்தில் கேட்டார்.

பேராசிரியர் சுதாரித்துக்கொண்டு, "ஒரே ஒரு மாதிரியை வச்சு கலவை மோசம்னு சொல்ல முடியாது" என்றார். நியாயமான பேச்சு, நானும் ஒப்புக்கொண்டேன். அந்த ஒன்றை வைத்துக் கலவையைக் குற்றவாளியாக்க முடியாது. அதை எடுத்து எறிந்துவிட்டு மண்ணைக் குற்றவாளியாக்கவும் முடியாது. ஆகவே பள்ளத்துக்குக் குறுக்கே சாலையை வெட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். மண் இறங்கியிருந்தால், கயிறு தளர்ந்த கட்டில்போல மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்குகளும் சேர்ந்து தொய்ந்திருக்கும். கலவை ஒழுகியிருந்தால் அடி அடுக்குகள் நேராக இருக்கும், மேல் அடுக்கு மட்டும் சக்கரத்தடியில் மெலிந்து இரு பக்கமும் பிதுங்கியிருக்கும். கண்ணால் பார்த்தாலே போதும்.

"திறப்பு விழா நடத்தின ரோட்டை வெட்டுறதா?" என்றார் டீம் லீடர். கூட்டத்தைத் தேநீருக்கு ஒத்திவைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். குரல் அன்பாகத்தான் இருந்தது. "மேடம், உங்களுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிட்டு இருக்கு. நல்ல பேரோட போங்க. மூணு கோடு இருக்கு, ஒரு கையெழுத்துப் போடுங்க. யாருக்கும் நஷ்டம் இல்லை. மண்ணு கேஸ் போடப் போகுதா?"

பயம் இல்லை என்று சொன்னால் பொய். அந்த நேரத்தில் ஓய்வூதியம், மகள் கல்யாணம் என்று எல்லாம் மனத்தில் வரிசைகட்டி நிற்கும். உங்களுக்கும் ஒருநாள் நிற்கும். அப்போது வீரத்தைத் தேடாதீர்கள், அது கிடைக்காது. எதிரே இருப்பவர்களில் உண்மையால் யாருக்கு லாபம் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒருவராவது இருப்பார்.

வெளியே அண்ணாச்சி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, மண்ணுதான் காரணம்னு நான் எழுதிருதேன். நாளைக்கு மீதி ரோடு பூரா தோண்டுவிய. செம்மண் அடிப்பிய. அதுக்கு மேல இதே கலவையப் போடுவிய. அடுத்த சித்திரையில மறுபடியும் பள்ளம் விழுந்தா அப்ப யாரச் சொல்லுவிய? அங்கன கரிசலே இருக்காதே."

டம்ளரை வைத்துவிட்டு யோசித்தார். தலைமுறை வியாபாரி. பேராசிரியர் ஒருவாரமாகச் செய்ததை அவர் ஒரு டீக்குள் செய்து முடித்தார்.

"வெட்டிருவோம்" என்றார். "என் ரோடு, நான் வெட்டுதேன். எவன் கேக்கான்?"

இரண்டு நாள் கழித்துக் காலையில் கேட்டடியில் சாலையின் ஒரு பாதியை மறித்து வெட்ட ஆரம்பித்தார்கள். மறுபாதியில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்தன. கூட்டம் சேர்ந்துவிட்டது. நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி அதற்குள் காடுகளுக்கெல்லாம் போயிருந்தது. கழுத்திலிருந்து தூளி கட்டிய கையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். மாரியம்மாள். கேட்டை ஒட்டிய காடு அவர்களுடையதாம்.

"எங்க மண்ணுதான் ரோட்ட முழுங்கிச்சுன்னு சொல்லுதாவளே, நெசமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அதப் பாக்கத்தான் வெட்டுதோம்."

"பாத்துட்டு உள்ளதச் சொல்லுவியளா?"

கூட்டத்தில் இருந்த மூன்று பேரும் என்னிடம் கேட்காத கேள்வி. "சொல்லுவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. வெட்டிப் பார்த்தால் மண்ணே தொய்ந்து கிடக்கலாம். அதற்கும் வாய்ப்பு இருந்தது. அப்படியிருந்தால் அவள் முகத்தைப் பார்த்து நான் அதைத்தான் சொல்லியாக வேண்டும். எனக்கு வேண்டிய விடை வரும் என்பதற்காகக் குழி வெட்டச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வேண்டிக்கொண்டேன், மறைப்பானேன்.

வெட்டு முகத்தைத் தேய்த்துத் துடைத்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூல் பிடித்தோம். அடியில் மண் நூலோடு ஒட்டி நேராகக் கிடந்தது. அதன்மேல் ஜல்லி அடுக்கும் நேர். மேலே தார் அடுக்கு மட்டும் சக்கரத்தடியில் தோசைபோல் மெலிந்து, இரு பக்கமும் ஆப்பத்தின் நடுப்பகுதிபோல் பருத்திருந்தது. குமிழ் குமிழாகத் தார் மின்னியது. வெயில் ஏற ஏற அது விரலில் ஒட்டியது.

மாரியம்மாள் குனிந்து பார்த்தாள். "மண்ணு நேராத்தான கெடக்கு" என்றாள்.

"ஆமா. மண்ணு மேல குத்தம் இல்ல."

"அப்ப எங்க காட்ட எடுக்கமாட்டாவல்ல?"

அண்ணாச்சி குழிக்குள் இறங்கி, கட்டைவிரலால் தாரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "எடுக்கமாட்டாவ தாயி" என்றார். பிறகு, "ஒனக்குக் கைய என்ன செஞ்சுது?" என்று கேட்டார்.

"இந்தப் பள்ளத்துலதான் ஆட்டோ கவுந்துச்சு அண்ணாச்சி. உங்க ஆபீசுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தோம்."

ஆட்டோ கவிழ்ந்தது அவருக்குத் தெரியும், அதில் வந்தது தன் ஆபீஸ் பெண்கள் என்பதை அதுவரை கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆபீசில் ஆள் ஒன்று குறைகிறது என்று மட்டும் கணக்கப்பிள்ளை சொல்லியிருப்பார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். குழியிலிருந்து ஏற நான் கை கொடுத்தேன். ஏறி நின்றவர், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"நாந்தான் மேடம். திறப்பு விழாவுக்கு முந்தி, விழா நடத்துதவிய ஆளு ஒருத்தர் வந்தாரு. போட்டோவுல ரோடு கருகருன்னு மின்னணும்னு சொன்னாரு. நான் கலவை பிளாண்டுல தாரக் கொஞ்சம் தாராளமா விடச் சொன்னேன். கூடப் போட்டா நல்லதுதானேன்னு நெனச்சேன். கொறைச்சுப் போட்டாத்தான தப்பு?"

பொங்கலில் நெய் கூடினால் ருசி கூடும். தார்க்கலவையில் தார் கூடினால் கல்லோடு கல் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கும். தைமாதக் குளிரில் தெரியாது, சித்திரை வெயிலில் தெரியும். வெட்டிய துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்த்ததில் அதுவே உறுதியானது. குறைத்துப் போடுகிறவனைப் பிடிக்க நம்மிடம் ஆயிரம் விதிகள் இருக்கின்றன. கூட்டிப் போடுகிறவனுக்கு நாம் மாலை போடுகிறோம். அந்தச் சாலைக்கும் போட்டோம், போட்டோவும் எடுத்தோம்.

பேராசிரியர் மறுவாரமே வந்தார். நாலாவது கோடு திரையில் திரும்ப ஏறியிருந்தது. "நம்ம மாடல் இதைத்தான் ஆரம்பத்துல இருந்து சொல்லிட்டு இருந்துச்சு" என்றார். யாரும் மறுக்கவில்லை, எல்லோருக்கும் மதியச் சாப்பாட்டு நேரம்.

இறுதி அறிக்கையில் நான்கு கோடுகளையும் சேர்த்துச் சராசரி போட்டார்கள். மூன்று பேர் வயிறாரச் சாப்பிட்டு ஒருவன் பட்டினி கிடந்தால், சராசரியில் எல்லோருக்கும் முக்கால் வயிறு. பட்டினி என்ற ஒன்று நடந்ததே தெரியாது. அந்தச் சராசரிக் கோட்டிலும் மடக்கு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. கலவை 'பொதுவாகத் திருப்திகரம்', மண் 'இந்த நேர்வில் ஓரளவு ஒத்துழைத்துள்ளது' என்று டீம் லீடர் எழுதினார். நான் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடவில்லை. நான்கு கோடுகளையும் தனித்தனியாக வரைந்து, ஒவ்வொன்றும் எங்கே எடுத்த மாதிரி என்று பக்கத்திலேயே எழுதி, வெட்டு முகத்தின் படத்தையும் வைத்து, இன்னொரு பக்கம் சேர்த்து அதில் கையெழுத்துப் போட்டேன். அதை யாரும் எடுத்து வெளியே போடவில்லை. படித்தால்தானே எடுப்பார்கள்.

ஆகவே, தம்பிகளே, தங்கைகளே, கோட்டை வழவழப்பாக்கும் பொத்தான் உங்கள் கணினியில் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் காட்டித் தருவார்கள். அதை அழுத்துவதற்கு முன்னால் அந்த எண் ரோட்டிலிருந்து வந்ததா, ரூமிலிருந்து வந்ததா என்று மட்டும் பாருங்கள். ஒத்துப்போகாத எண் எல்லாம் உண்மை என்றும் நினைத்துவிடாதீர்கள். மெஷின் கோளாறும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதைத் துரத்துவதற்கு முன் ஒருமுறை விசாரித்துவிட்டுத் துரத்துங்கள்.

கேட்டடியில் அண்ணாச்சி தன் செலவிலேயே மேல் அடுக்கை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டார். மீதிச் சாலைக்கும் தாரின் அளவை அவரே பிளாண்டில் நின்று பார்த்துக்கொண்டார். பார்க்கச் சற்று மங்கலான சாலைதான். காடுகளில் யாரும் கை வைக்கவில்லை. மாரியம்மாள் ஆடி மாதம் வேலைக்குத் திரும்பினாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த சித்திரையில் அண்ணாச்சி போன் செய்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. குரலில் ஒரு மனத்தாங்கல்.

"பள்ளமாக் கெடந்தப்ப ஊரே வந்து பாத்தாவ மேடம். பேப்பர்காரன் வந்தான், கலெக்டர் ஆபீசுல இருந்து வந்தாவ. இப்ப நூல் பிடிச்ச மாதிரிக் கெடக்கு. ஒருத்தராவது வந்து எட்டிப் பாக்காவளா? இந்த ரோட்டப் பத்தி ஒரு பய ஒரு வார்த்தை பேசமாட்டேங்கான்."

"ரோட்டுக்கு இதவிட வேற என்ன பேரு வேணும் அண்ணாச்சி?" என்றேன்.

அவருக்குப் பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. கேட்டடியில் நின்றுதான் பேசுகிறார் என்று தெரிந்தது.